கயிறு மாறிய குதிரைகள்

தமிழ்நாட்டு வரலாற்றில் குதிரையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் விரைவைப் பேசுவர். அதன்மீது அமர்ந்து களம் புக்க மன்னரைப் பேசுவர். அண்மைக் காலமாயின், கிண்டியில் நடந்த பந்தயங்களையும் அவற்றில் கைமாறிய பணத்தையும் பேசுவர். அந்தக் குதிரை நம் நாட்டில் எத்தனை நாள் உயிரோடிருந்தது என்று கேட்டவர் சிலரே. மாணவ நண்பர்களே, இன்று அந்தக் கேள்வியையே நான் எடுத்துக்கொள்கிறேன்.

குதிரை நம் மண்ணில் பிறந்த விலங்கன்று. கடல் வழியே வந்த விலங்கு. பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையைப் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை வழிப்படுத்தும் அப்பாட்டில் நீர்ப்பெயற்று என்னும் ஒரு துறைமுகம் வருகிறது. வெண்ணிறக் குதிரைகளையும் வடநாட்டுப் பொருள்களையும் கொண்டுவந்த நாவாய்கள் அங்கே சூழ்ந்து நின்றன என்கிறார் புலவர். அந்த நீர்ப்பெயற்றுதான் பின்னாளைய மாமல்லபுரம் என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். வேறு இடம் காட்டுவோரும் உண்டு. எதுவாயினும், தொண்டைநாட்டுக் கடற்கரையில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குதிரை இறங்கியது என்பதில் ஐயமில்லை.

மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா சென்றிருப்பீர்கள். ஐந்து இரதங்கள் நிற்கும் அந்த மணல்வெளியில் ஒரே கல்லில் செதுக்கிய யானை நிற்கிறது, சிங்கம் நிற்கிறது, எருது படுத்திருக்கிறது. இம்மூன்றோடு ஒரு குதிரை இல்லை. இதிலிருந்து பெரிய முடிவு எதையும் நான் பெற விரும்பவில்லை. எருது உழவனின் தோழன். யானை நம் காட்டுச் செல்வம். சிங்கம் அரசின் சின்னம். குதிரை விருந்தாளி. அவ்வளவே சொல்வேன்.

கடற்பயணம் குதிரைக்கு எத்தகையது என்பதை முதலில் அறிய வேண்டும். குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. அதன் உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்திலுள்ள தசை அவ்வளவு வலிமையாக மூடிக்கொள்கிறது. மனிதனுக்குக் கடல் நோய் வந்தால் வயிற்றிலுள்ளதைக் கக்கிவிட்டுப் படுத்துக்கொள்வான். குதிரைக்கு அந்த வழி அடைபட்டது. வயிற்றில் புளித்த உணவும் காற்றும் வெளியேறாமல் நின்று, சூலை நோயாக முற்றி, அதனாலேயே குதிரை இறப்பதுண்டு. இருண்ட கப்பலடியில், கால் நீட்டிப் படுக்க இடமின்றி, வாரக்கணக்கில் நின்றுகொண்டே வந்த குதிரைகளே நம் துறைமுகங்களில் இறங்கின. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் கோயில்களுக்குக் கொடையளித்த செய்திகள் உள்ளன. குதிரை விற்றுச் செல்வரான ஒரு வணிக வகுப்பே நம் நாட்டில் இருந்தது என்பதற்கு அது சான்று.

குதிரைகளின் சாவைப் பற்றிய விளக்கமான செய்தி தொண்டைநாட்டிலன்று, பாண்டிநாட்டிலேயே நமக்குக் கிடைக்கிறது. ஆகவே மாமல்லபுரத்தை விட்டு, தாமிரபருணி கடலோடு கலக்கும் பகுதியில் இருந்த காயல் துறைமுகத்துக்கு நாம் செல்ல வேண்டியிருக்கிறது.

அப்போது பாண்டிநாட்டை ஆண்டவன் மாறவர்மன் குலசேகரன். 1290-களின் தொடக்கத்தில் வெனிஸ் நகரத்து வணிகர் மார்க்கோ போலோ இக்கடற்கரை வழியே சென்றார். அரசனும் அவனுடைய நான்கு உடன்பிறந்தாரும் ஆண்டுதோறும் ஆளுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்க விரும்பினர் என்றும், ஆண்டு முடிவில் அவற்றில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் அவர் எழுதினார். குதிரையைப் பேணும் முறையை இந்நாட்டவர் அறியார் என்பது அவர் கூறும் காரணம். இன்னொன்றும் கூறுகிறார்; அதுவே நம்மைத் திடுக்கிடச் செய்வது. கிஷ், ஹொர்முஸ், தோபார், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரை கொண்டுவந்த வணிகர்கள் குதிரை மருத்துவரையும் லாடம் கட்டுபவரையும் உடன் அழைத்து வருவதில்லை. தாமாகப் புறப்படுபவரையும் தடுத்துவிடுவார்கள். குதிரை பிழைத்துக்கொண்டால் அடுத்த ஆண்டு விற்பனை குறையுமல்லவா?

மார்க்கோ போலோ சொன்னதையெல்லாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஐந்து அரசர்க்கு ஆண்டுக்குப் பதினாயிரம் குதிரை என்னும் தொகையில் வணிகர் பேச்சின் மிகை தெரிகிறது. குதிரை மருத்துவமே இந்நாட்டில் இல்லை என்பதும் பொருந்தாது. சாலிஹோத்திரர் பெயரால் வழங்கும் வடமொழிப் பரிநூல் மரபு அவருக்குப் பல நூற்றாண்டு முற்பட்டது. நூல் இருந்தது. கொட்டிலில் நின்ற ஆளிடம் அந்த அறிவு இருந்ததா என்பதே கேள்வி.

ஆனால் அவரை அறியாத இன்னொருவரும் ஏறத்தாழ அதையே எழுதியிருக்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய நூலில் இக்குதிரை வாணிகத்தின் கணக்கு உள்ளது. கிஷ் தீவின் பெருவணிகர் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்புவதென ஒப்பந்தம். குதிரை ஒன்றுக்கு விலை 220 செம்பொன் தினார். முற்பட்ட அதாபக் அபூபக்கர் காலத்தில் பாரசீக வளைகுடாத் துறைகளிலிருந்து ஆண்டுக்குப் பதினாயிரம் குதிரைகள் இக்கரைக்கும் அண்டைத் துறைகளுக்கும் ஏற்றுமதியாயின என்றும், அவற்றின் விலை 22 இலட்சம் தினார் என்றும் அவர் கூறுகிறார். அப்பொன்னில் கோயில் வருவாயும் சேர்ந்திருந்தது.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு விதி உண்டு. கப்பலில் வரும்போது குதிரை இறந்தாலும் ஊனமுற்றாலும் அதன் விலையை அரசனின் கருவூலமே கொடுத்துவிட வேண்டும். உயிரோடு இறங்கிய குதிரைக்கும் அதே விலை; கடலில் எறியப்பட்ட பிணத்துக்கும் அதே விலை. இனி, காயலில் பாண்டியனுக்காக இவ்வாணிகத்தை மேற்பார்த்த அமைச்சர் யார் தெரியுமா? ஜமாலுத்தீனின் உடன்பிறந்தவராகிய தகியுத்தீன் அப்துர் ரஹ்மான். விற்பவர் அண்ணன், வாங்குபவர் சார்பில் கணக்குப் பார்ப்பவர் தம்பி என்பது போன்ற இந்த ஏற்பாட்டில் குதிரைக்காகப் பேச ஒருவரும் இல்லை.

கரையேறிய பிறகும் அவற்றின் நிலை நன்றாயில்லை. வஸ்ஸாப் தரும் விவரம் இது: பச்சை வாற்கோதுமைக்குப் பதிலாக வறுத்த வாற்கோதுமையும் நெய் சேர்த்துச் சமைத்த தானியமும் கொடுத்தார்கள், காய்ச்சிய பசும்பாலைக் குடிக்க வைத்தார்கள், கொழுக்க வேண்டும் என்பதற்காக நாற்பது நாள் முளையிலும் கயிற்றிலும் கட்டி வைத்தார்கள், பிறகு எந்தப் பழக்கமும் தராமல் ஏறி ஓட்டினார்கள். மார்க்கோ போலோவோ வேகவைத்த சோறும் இறைச்சியும் கொடுத்ததாகச் சொல்கிறார்.

இவற்றைக் கொடுமை என்று சொல்லிவிடலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நெய்யும் பாலும் சோறும் நம்மவர் தம் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பவை. அன்பினால்தான் ஊட்டியிருக்கிறார்கள். ஆனால் குதிரையின் உடலமைப்பு வேறு. அதன் இரைப்பை சிறியது. பெருங்குடலின் தொடக்கத்திலுள்ள பெரிய பையில் நுண்ணுயிர்கள் புல்லின் நாரைப் புளிக்கவைத்து உணவாக்குகின்றன. நாளெல்லாம் நடந்து சிறிது சிறிதாகப் புல் மேய்வதற்கென்று அமைந்த வயிறு அது. அதில் மாவுப்பொருளை ஒரே வேளையில் கொட்டினால் அந்த நுண்ணுயிர்கள் மடிந்து நஞ்சு இரத்தத்தில் கலக்கும், சூலை வரும், குளம்பின் உட்பகுதி அழன்று, எலும்பைத் தாங்கிய பிணைப்பு அறுந்து, குதிரை நிற்க முடியாமற் போகும்.

நாற்பது நாள் கட்டி வைத்ததும் அத்தகைய பிழையே. ஐரோப்பாவில் வண்டிக் குதிரைகளுக்குத் திங்கட்கிழமை நோய் என்று ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை வேலையில்லை, ஆனால் தானியம் மட்டும் குறைவின்றிக் கிடைக்கும். மறுநாள் காலை வண்டியில் பூட்டிச் சிறிது தூரம் சென்றதும் குதிரையின் தொடைத் தசைகள் கல்லாக இறுகும், வியர்த்து நடுங்கும், சிறுநீர் கருங்காப்பி நிறத்தில் வரும். தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைப்பதால் நேர்வது அது. ஒரு நாள் ஓய்வுக்கே இந்த விளைவென்றால், நாற்பது நாள் நெய்ச்சோறு உண்டு அசையாமல் நின்ற குதிரையை முழு வேகத்தில் ஓட்டினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இவற்றோடு நம் கடற்கரையின் வெப்பமும் சேர்ந்தது. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். ஈரம் நிறைந்த காற்றில் வியர்வை உலர்வதில்லை. குளிர்நாட்டுக் குதிரைகள் சிலவற்றுக்கு இங்கு வந்தபின் வியர்க்கும் ஆற்றலே அற்றுவிடுவதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலக் கால்நடை மருத்துவர்கள் பந்தயக் குதிரைகளிடம் கண்டு எழுதினார்கள். கடி ஈக்கள் பரப்பும் சர்ரா நோயின் கிருமியை கிரிபித் எவன்ஸ் என்பார் பஞ்சாபில் கண்டுபிடித்தது 1880-ஆம் ஆண்டில்தான். பாண்டியனின் குதிரைக்காரனிடம் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது. நம் ஊர் எல்லைகளில் நோயின்றி நெடுநாள் நின்ற குதிரைகள் ஐயனாரின் மண்குதிரைகளே என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இங்கே திருவிளையாடற் புராணக் கதை ஒன்றை நினைவுகூர்வது பொருத்தம். பாண்டியன் தன் அமைச்சர் வாதவூரரிடம், அதாவது மாணிக்கவாசகரிடம், குதிரை வாங்கப் பெரும் பொருள் கொடுத்தனுப்பினான். அப்பொருள் திருப்பெருந்துறையில் திருப்பணிக்கும் அடியார்க்கும் செலவாயிற்று. இறைவனே குதிரை வணிகனாக வேடம் பூண்டு, நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டி வந்தார். இரவில் அவை மீண்டும் நரிகளாகி, கொட்டிலில் முன்பிருந்த குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின. பக்தர்க்கு இது அருட்செயல். வரலாறு பயில்பவன் இதில் வேறொன்றையும் காண்கிறான். கருவூலத்துப் பொன் போயிற்று. மாலையில் நிறைந்திருந்த கொட்டில் காலையில் வெறுமையாயிற்று. இத்தகைய காலை பாண்டிய நாட்டார்க்குப் பழக்கமானதாக இருந்திருக்க வேண்டும்.

அக்கதையில் கயிறு மாறுதல் என்னும் சடங்கு வருகிறது. விற்பவன் குதிரையின் கயிற்றை வாங்குபவன் கையில் கொடுத்துவிட்டால், அதன்பின் அக்குதிரைக்கு என்ன நேர்ந்தாலும் விற்றவனைக் கேட்க முடியாது. இன்றும் நம் மாட்டுச் சந்தைகளில் கயிறு மாற்றும் வழக்கம் உண்டு. வஸ்ஸாப் காட்டும் ஒப்பந்தத்தில் நடந்தது என்னவென்றால், குதிரை கப்பலில் ஏறும்போதே கயிறு மாறிவிட்டது. வழியில் தண்ணீர் காட்ட வேண்டியவன் வணிகன்; இழப்பைத் தாங்க வேண்டியவன் நெடுந்தொலைவில் மதுரையிலிருந்த அரசன். பேணும் கை ஒன்று, இழக்கும் கை இன்னொன்று. காயல் குதிரைகள் பெருந்தொகையாக இறந்ததற்கு வெப்பத்தையும் சோற்றையும் விட இதுவே பெரிய காரணம் என்பது என் துணிபு. உணவுப் பிழையை ஒரு லாடக்காரனே திருத்தியிருக்கக் கூடும். அவனை வரவிடாமல் தடுத்தது இந்த ஆதாயம்.

இருநூறு ஆண்டு கழிந்தும் இம்முறை மாறவில்லை. சந்திரகிரியிலிருந்து தொண்டைநாட்டையும் உட்கொண்டு ஆண்டு, 1485-ஆம் ஆண்டு அளவில் விசயநகர அரியணை ஏறியவன் சாளுவ நரசிம்மன். அவனைப் பற்றிப் போர்த்துக்கீசியக் குதிரை வணிகர் நூனிஸ் எழுதிய குறிப்பு உண்டு. ஆயிரம் பர்தாவோ பொன்னுக்கு மூன்று குதிரை என்ற விலையில் அவன் உயிருள்ளதையும் வாங்கினான், இறந்ததையும் வாங்கினான். கடலில் இறந்த குதிரையின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினாலே போதும், முழு விலை கிடைத்தது. அந்த அரசனைக் குறை சொல்வதும் எளிதன்று. எதிரியிடம் குதிரைப் படை பெருகியிருக்கும்போது, வணிகன் வேறு துறைக்குப் போய்விடாதிருக்க அவன் கொடுத்த விலை அது. எனினும் மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பம் என்னும் ஊர்ப்பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வால்களே நினைவுக்கு வருகின்றன.

ஆங்கிலேயர் காலத்தில் குதிரை ஆஸ்திரேலியாவிலிருந்து வரத் தொடங்கியது. நியூ சவுத் வேல்ஸ் நாட்டுக் குதிரையாதலால் அதற்கு வேலர் என்று பெயர். சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் அலைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். 1834-ஆம் ஆண்டில் ஈஸ்ட் என்னும் ஓவியர் தீட்டிய படம் ஒன்றில், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த குதிரைகளை மசூலாப் படகும் கட்டுமரமும் சூழக் கரையேற்றும் காட்சியைக் காணலாம். அக்கட்டுமரக்காரர்கள் நம் கடற்கரையின் மீனவர்கள். கடலறிந்த அவர்கள் கையில் எத்தனை குதிரைகள் பிழைத்திருக்குமோ!

வந்தவற்றுள் சில படைக்குச் சென்றன. சில பந்தயத்துக்குச் சென்றன. கிண்டியில் பந்தய ஓட்டம் தொடங்கியது 1777-ஆம் ஆண்டு. கிண்டி அப்போது சென்னை நகரின் பகுதியன்று. செங்கற்பட்டுச் சீமையைச் சேர்ந்த ஊர். மூன்று ஆண்டுக்குள், 1780-இல், ஐதர் அலியின் குதிரைப்படை அச்சீமையைச் சூறையாடியது.

பந்தயக் குதிரையின் சாவு காயல் குதிரையின் சாவைப் போன்றதன்று. இங்கே தீனி அளவறிந்து கொடுக்கப்படுகிறது; மருத்துவர் இருக்கிறார்; லாடக்காரர் இருக்கிறார். சாவு ஓட்டத்திலேயே இருக்கிறது. ஏறத்தாழ 450 முதல் 500 கிலோ எடையுள்ள உடல் மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் செல்லும்போது, ஒவ்வொரு பாய்ச்சலிலும் ஒரு கணம் முழுப் பாரமும் ஒரே முன்னங்காலின்மேல் விழுகிறது. முழங்காலுக்குக் கீழே அக்காலில் தசை இல்லை. எலும்பும் தசைநாரும் தோலுமே உண்டு. அது முறிந்தால் இரத்த ஓட்டம் குன்றிய அவ்விடத்தில் எளிதில் கூடுவதில்லை. மனிதனைப் போல் மாதக்கணக்கில் படுத்துக்கிடக்கவும் குதிரையால் முடியாது. மூன்று காலில் நின்றால், பாரம் தாங்கும் மற்றக் காலின் குளம்பு அழன்றுவிடும். அமெரிக்காவில் கென்டக்கிப் பந்தயத்தில் வென்ற பார்பரோ என்னும் குதிரை 2006 மே மாதம் அடுத்த பந்தயத்தில் பின்னங்கால் முறிந்தது. சிறந்த அறுவை மருத்துவர்கள் எட்டு மாதம் போராடினார்கள். முறிந்த கால் தேறிவந்தது. குளம்பழற்சி மற்றக் கால்களைப் பற்றியது. 2007 ஜனவரியில் அதை வலியின்றிக் கொல்ல நேர்ந்தது. பொருளும் அன்பும் குறைவில்லாத இடத்திலேயே முடிவு இது.

தமிழ்நாட்டில் பந்தயத்தைப் பற்றி நீண்ட வழக்கு ஒன்று நடந்தது. குதிரைப் பந்தயத்தையும் அதன்மீது பணம் கட்டுவதையும் ஒழிக்க 1974-இல் மாநில அரசு சட்டம் இயற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, குதிரைப் பந்தயம் திறமையால் வெல்லப்படுவது, வெறும் சூதாட்டமன்று என்று 1996 ஜனவரியில் தீர்ப்பாயிற்று. கூலியைத் தோற்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவரின் குடும்பத்தை எண்ணியே அச்சட்டம் பிறந்தது. அந்த அக்கறை நியாயமானது. ஆனால் வழக்கின் கேள்வி மனிதன் பணத்தைப் பற்றியது. குதிரையின் காலைப் பற்றியது அன்று. 2024 செப்டம்பரில் கிண்டியின் 160 ஏக்கர் நிலத்தை அரசு மீட்டபோதும் பேச்சு 1945-ஆம் ஆண்டுக் குத்தகையையும் அதன் நிலுவையையும் பற்றியதே.

விலங்குக்காகப் பேசிய குரலும் இக்கடற்கரையிலிருந்தே எழுந்தது. மாமல்லபுரம் செல்லும் சாலையின் தொடக்கத்தில், திருவான்மியூரில், கலாக்ஷேத்திராவை நிலைநாட்டிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952-இல் மாநிலங்களவை உறுப்பினரானார். விலங்குகளைக் கொடுமையிலிருந்து காக்க அவர் அங்கே கொண்டுவந்த தனி மசோதாவே 1960-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிகோலியது. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். அதன் தலைமையகமும் நெடுங்காலம் சென்னையிலேயே இருந்தது.

சட்டம் மட்டும் சாவைக் குறைக்காது. கணக்கு எடுக்க வேண்டும். இதற்கு அமெரிக்க அனுபவம் ஒன்றைச் சொல்வேன். கலிபோர்னியாவில் சாந்தா அனித்தா களத்தில் 2018 டிசம்பர் இறுதி முதல் 2019 ஜூன் வரை 30 குதிரைகள் இறந்தபோது மக்கள் கொதித்தெழுந்தார்கள். 2020-இல் நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் வந்து 2022 ஜூலையில் நடைமுறையாயிற்று. ஓட்டத்துக்கு முன் கால்களைச் சோதித்தல், வலி மறைக்கும் மருந்துகளுக்குக் கட்டுப்பாடு, இறந்த குதிரையைப் பிணப்பரிசோதனை செய்தல் ஆகியவை கட்டாயமாயின. 2009-இல் ஆயிரம் ஓட்டத்துக்கு இரண்டு என்றிருந்த சாவு விகிதம், அச்சட்டத்துக்குட்பட்ட களங்களில் 2024-இல் 0.90 ஆகக் குறைந்தது. பாதிக்கும் கீழே! குதிரையின் எலும்பு இடையில் வலுத்துவிடவில்லை. சாவு எண்ணப்பட்டது, எண்ணிக்கை வெளியிடப்பட்டது. நம் நாட்டின் ஒவ்வொரு பந்தயக் களமும் அவ்வாறே ஆண்டுதோறும் கணக்கு வெளியிட வேண்டும் என்பது என் கருத்து.

அக்கணக்கில் ஓட்டம் நின்றபின் உள்ள ஆண்டுகளும் சேர வேண்டும். பந்தயக் குதிரை இரண்டு வயதில் ஓடத் தொடங்குகிறது. பெரும்பாலும் பத்து வயதுக்குள் ஓய்கிறது. அதன் வாழ்நாளோ இருபத்தைந்து ஆண்டுக்கு மேல். அந்த இடைவெளியில் கயிறு பலமுறை மாறுகிறது: சவாரிப் பள்ளி, திருமண ஊர்வலம், கடற்கரையில் குழந்தைகளை ஏற்றிச் செல்லும் சவாரி. பாம்புக்கடி மருந்து செய்யும் நிலையங்களுக்குச் செல்வனவும் உண்டு. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்து, பாம்பை மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சு தொலைவிலுள்ள மருந்து நிலையங்களுக்குச் செல்கிறது. அங்கே அதைச் சிறுகச் சிறுக அளவு கூட்டிக் குதிரையின் உடலில் ஏற்றுகிறார்கள். சில மாதங்களில் அதன் குருதியில் எதிர்ப்பாற்றல் உண்டாகிறது. குருதியை எடுத்துத் தெளிநீரைப் பிரித்து மருந்தாக்குகிறார்கள். செங்கற்பட்டு வயல்வெளியில் வரப்பு வெட்டும்போது விரியன் கடித்தவருக்கு மருத்துவமனையில் ஏற்றப்படுவது அதுதான்.